புகைபோக்கி வழியே போன வெப்பம்

குளிர்ந்த நீர் நிறைந்த ஒரு பாத்திரத்தை எரிவாயு அடுப்பின்மேல் ஏற்றியவுடன் அதன் அடிப்புறத்தை நோக்கினால், சில கணங்களுக்கு அங்கே மெல்லிய ஈரம் படர்ந்திருப்பதைக் காணலாம். பாத்திரம் ஒழுகுவதால் அவ்வீரம் தோன்றுவதன்று. எரிவாயுவிலுள்ள ஹைட்ரஜன் காற்றிலுள்ள ஆக்ஸிஜனுடன் கூடி நீராவியாகிறது. அந்நீராவி குளிர்ந்த உலோகத்தைத் தீண்டியதும் நீராகிறது. பாத்திரம் சூடேறியதும் ஈரம் மறைந்துவிடும். யாவரும் காணக்கூடிய இச்சிறு நிகழ்ச்சியே, குளிர் மிகுந்த ஐரோப்பிய நாடுகளில் வீடுகளை வெப்பமூட்டும் புதுவகைக் கொதிகலனுக்கு அடிப்படையாயிற்று.

இழப்பின் அளவு

நீர் ஆவியாகும்போது பெருமளவு வெப்பத்தைத் தன்னுள் கொள்கிறது என்பதையும், ஆவி மீண்டும் நீராகும்போது அவ்வெப்பம் வெளிப்படுகிறது என்பதையும் கிளாஸ்கோ நகரில் ஜோசப் பிளாக் என்பவர் 1760களில் விளக்கினார். இதுவே உள்ளுறை வெப்பம் எனப்படும்.

இயற்கை எரிவாயுவின் முக்கியப் பகுதி மீத்தேன். 16 கிராம் மீத்தேன் முற்றிலும் எரிந்தால் 36 கிராம் நீர் உண்டாகிறது. அதாவது, ஒரு கிலோகிராம் மீத்தேனிலிருந்து இரண்டேகால் கிலோகிராம் நீர் ஆவியாக வெளியேறுகிறது. இந்த ஆவியை நீராக்கினால் கிடைக்கும் வெப்பம் சுமார் 5.5 மெகாஜூல். ஆவியை வெளியே விட்டுவிட்டால் அந்த எரிபொருளிலிருந்து பெறக்கூடியது 50 மெகாஜூல் மட்டுமே; ஆவியின் வெப்பத்தையும் மீட்டால் 55.5 மெகாஜூல். ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு வெப்பம் புகைபோக்கி வழியே வீணாகிக்கொண்டிருந்தது.

அறிந்தும் பயன்படுத்தாமைக்குக் காரணம்

இவ்விழப்பைப் பொறியியலார் அறியாதவரல்லர். எரிந்த வாயுக்களைச் சுமார் 55 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழே குளிர்வித்தால்தான் அவற்றிலுள்ள நீராவி நீராகும். அவ்வாறு உண்டாகும் நீரில் கரியமில வாயுவும் நைட்ரஜன் ஆக்ஸைடுகளும் கரைவதால் அது அமிலத்தன்மை அடைகிறது. வார்ப்பிரும்பாலான பழைய கொதிகலன்களையும் செங்கற் புகைபோக்கிகளையும் அந்நீர் அரித்துவிடும். மேலும், புகைபோக்கியில் வாயுக்கள் தாமே மேலெழ வேண்டுமாயின் அவை சூடாக இருத்தல் அவசியம். ஆகவே, கொதிகலனுக்குள் நீர்த்துளி உண்டாகாதவாறு காப்பதே அக்காலத்துப் பொறியியலாரின் விதியாக இருந்தது. எரிபொருள் மலிவாயிருந்த வரையில் இவ்விதியை எவரும் மாற்ற முற்படவில்லை.

நெதர்லாந்தில் நேர்ந்த மாற்றம்

நெதர்லாந்தின் வடபகுதியில் கிரோனிங்கன் மாநிலத்திலுள்ள ஸ்லோக்டெரன் என்னும் ஊரருகே 1959-ல் மிகப் பெரிய எரிவாயு வயல் கண்டுபிடிக்கப்பட்டது. 1960களில் அந்நாட்டு வீடுகள் மிக விரைவில் இயற்கை எரிவாயுவுக்கு மாறின. 1973-ல் அரபு நாடுகள் எண்ணெய் அனுப்புவதை நிறுத்தின. அத்தடைக்கு உள்ளான நாடுகளில் நெதர்லாந்தும் ஒன்று. அவ்வாண்டு நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டார் வண்டிகள் ஓடாமல் சாலைகள் வெறிச்சோடின. எரிவாயுவின் விலை எண்ணெய் விலையைத் தொடர்ந்து சென்றமையால் வீட்டுச் செலவும் ஏறியது. வீணாகும் வெப்பத்திற்கு அப்போது ஒரு மதிப்பு உண்டாயிற்று.

டெவென்டர் நகரத்து நெஃபிட் நிறுவனம் 1981-ல் வீட்டு உபயோகத்திற்கான இத்தகைய கொதிகலனை விற்பனைக்குக் கொணர்ந்தது. அமிலத்தைத் தாங்கும் அலுமினியக் கலப்பு உலோகம் அல்லது துருப்பிடிக்காத எஃகு, வாயுக்களை வெளித்தள்ள மின்விசிறி, உண்டான நீரைச் சாக்கடைக்குக் கொண்டுசெல்லும் சிறு குழாய் ஆகியவை இவ்வகைக் கருவிகளின் சிறப்பியல்புகள். எனினும் தொடக்கத்தில் விலை அதிகம், பழுதுகளும் நேர்ந்தன. கருவியைப் பொருத்தும் தொழிலாளர் பலர் அதனை நம்பத் தயங்கினர். அரசாங்க உதவித்தொகையும் படிப்படியான திருத்தங்களுமே அதனை நிலைநிறுத்தின. பிரிட்டனில் இம்மாற்றம் தாமதித்தது. அங்கு 2005 ஏப்ரல் முதல் புதிய எரிவாயுக் கொதிகலன்கள் பெரும்பாலும் இவ்வகையினவாக இருத்தல் வேண்டும் என்று கட்டட விதிகள் திருத்தப்பட்டன.

நூற்றுக்கு 107 எப்படி?

நெதர்லாந்தில் இக்கருவிகளின்மேல் 107 சதவீதத் திறன் என்னும் முத்திரை காணப்பட்டது. இட்டதைவிட அதிகமாக எந்த இயந்திரமும் தர இயலாது என்று கற்ற மாணவர் இதனைக் கண்டு வியப்புறலாம். ஆவியின் வெப்பத்தைக் கணக்கில் சேர்க்காத 50 மெகாஜூலை நூறு என்று கொண்டதால் நேர்ந்த எண் இது. 55.5 மெகாஜூலை நூறாகக் கொண்டால் திறன் சுமார் 96 சதவீதமே. எந்த அளவுகோலால் அளந்தனர் என்று வினவாமல் எந்தச் சதவீதத்தையும் ஏற்கலாகாது என்பதற்கு இது நல்ல சான்று.

மற்றொன்றும் நினைவிற் கொள்ளத்தக்கது. அறைகளைச் சூடாக்கிவிட்டுக் கொதிகலனுக்குத் திரும்பும் நீர் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் ஆவி நன்கு நீராகும். பழைய வீடுகளில் நீர் 90 டிகிரியில் சென்று 70 டிகிரியில் திரும்புமாறு அமைத்திருந்தனர். அங்கே புதிய கருவியைப் பொருத்தி வெப்பநிலையைக் குறைக்காது விட்டால் எதிர்பார்த்த சிக்கனம் முழுவதும் கிடைப்பதில்லை. சூடேறிய பாத்திரத்தின் அடியில் ஈரம் தங்காததைப் போன்றதே இதுவும்.

நிலநடுக்கங்களின் காரணமாக, கிரோனிங்கன் வயலில் எரிவாயு எடுப்பது 2023 அக்டோபரில் நிறுத்தப்பட்டது. ஆயினும், பிளாக் விளக்கிய ஓர் உண்மை வீட்டிற்குள் வந்து பயன்தர இருநூறு ஆண்டுகளுக்கு மேலாயிற்று என்பது சிந்திக்கத்தக்கது. அறிவு முன்பே இருந்தது. அதனைத் தாங்கும் உலோகமும், அதனை நாடும் தேவையும், பொருத்துவோரின் பயிற்சியும் பின்னரே வந்து சேர்ந்தன.