பாசிக்குடாவா, நிலாவெளியா? விடுமுறைக்கு வரும் உறவுகளோடு எந்தக் கடலுக்குப் போவது

ஆடி மாதம் நெருங்கும்போது நமது வீடுகளில் இந்தப் பேச்சு எழும். கனடாவிலிருந்து தம்பி குடும்பம், யாழ்ப்பாணத்திலிருந்து அக்கா, வன்னியிலிருந்து அம்மா என்று எல்லோரும் ஒரு வான் பிடித்து மூன்று நாள் கடற்கரையில் தங்க வேண்டும். பிள்ளைகள் கைபேசியில் படங்களைப் பார்த்துவிட்டு இரண்டு பெயர்களைச் சொல்வார்கள். ஒன்று பாசிக்குடா, மற்றது நிலாவெளி. இரண்டும் கிழக்கில் வசதியான விடுதிகள் உள்ள கடற்கரைகள். படத்தில் இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். நேரில் அப்படியல்ல.

முதலில் காலம். சித்திரை கடந்து புரட்டாதி வரை இரு கரைகளுக்கும் நல்ல பருவம். கச்சான் காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால் கரையோரம் அடங்கிக் கிடக்கும். வெயில் மட்டும் கொளுத்தும். வாடைக்காற்று தொடங்கிவிட்டால் மழையும் கொந்தளிப்பும்தான். நத்தார் விடுமுறைக்கு வருபவர்கள் கிழக்குக் கடலில் குளிக்கும் எண்ணத்தை விட்டுவிடுவது நல்லது.

பாசிக்குடா மட்டக்களப்பு நகரிலிருந்து வடக்கே ஏறத்தாழ 35 கிலோமீற்றர். குடா வளைந்து கிடப்பதாலும் வெளியே பவளப்பாறை இருப்பதாலும் அலை உள்ளே வருவதில்லை. நெடுந்தூரம் நடந்தாலும் தண்ணீர் இடுப்பளவுதான். சிறு பிள்ளைகளுக்கும் முழங்கால் வலியுள்ள முதியவர்களுக்கும் இதைவிடப் பாதுகாப்பான கடல் இலங்கையில் அரிது. போருக்கு முன்பும் இங்கே விடுதிகள் இருந்தன, அவை அழிந்தன. 2004 இல் சுனாமியும் அடித்தது. 2009 இற்குப் பின்னர் அரசு இதைச் சுற்றுலா வலயமாக்கி, கரையோரக் காணிகளை நிறுவனங்களுக்குப் பிரித்துக் கொடுத்தது. இன்று குடாவைச் சுற்றி நட்சத்திர விடுதிகள் வரிசையாக நிற்கின்றன.

நிலாவெளி திருகோணமலை நகரிலிருந்து வடக்கே சுமார் 15 கிலோமீற்றர். நீண்ட, திறந்த கரை. அலை உண்டு, சில இடங்களில் சட்டென்று ஆழம் கூடும். அதற்கு ஈடாக ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தொலைவில் புறாமலை இருக்கிறது. 2003 இல் தேசிய பூங்காவாக்கப்பட்ட அந்தத் தீவைச் சுற்றி முகக்கண்ணாடி போட்டுக்கொண்டு நீந்தினால் பவளம், வண்ண மீன்கள், வாய்த்தால் ஆமையும் தென்படும். படகில் காலையிலேயே போய்விடுங்கள். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு நுழைவுக் கட்டணம் பல மடங்கு. ஊரில் பிறந்தவர் என்று சொல்லிப் பயனில்லை.

பணம் எங்கே போகிறது என்பதும் எனக்கு முக்கியம். பாசிக்குடாவில் பெரிய நிறுவனங்களின் ஆட்சிதான். மீனவர்கள் தங்கள் வள்ளங்களை இழுத்து வைக்கும் இடம் சுருங்கிவிட்டது, கரைக்குப் போகும் பாதைகள் அடைபட்டன என்று பல ஆண்டுகளாக முறையிட்டு வருகிறார்கள். அதற்காக அங்கே போகவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். அங்கே வேலை செய்யும் நமது பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஆனால் விடுதிக்குள்ளேயே மூன்று வேளையும் சாப்பிட்டுத் திரும்பினால் ஊருக்கு ஒன்றும் சேராது. ஒரு நேரச் சாப்பாட்டையாவது கல்குடாவிலோ வாழைச்சேனையிலோ வைத்துக்கொள்ளலாம். நிலாவெளியிலும் பக்கத்து உப்புவெளியிலும் பெரிய விடுதிகளோடு குடும்பங்கள் நடத்தும் சிறு விடுதிகளும் கலந்திருப்பதால் தெரிவு கூடுதல். இன்னொன்று: வடக்குக் கிழக்கில் படையினர் நடத்தும் விடுதிகளும் உண்டு. காங்கேசன்துறையில் தல்செவன, நந்திக்கடலோரத்தில் லகூன்ஸ் எட்ஜ், திருகோணமலையில் விமானப்படையின் மார்பிள் பீச். பதிவு செய்யும் இணையத்தளங்களில் பார்க்கும்போது யாருடையது என்று ஒருமுறை தேடிப் பாருங்கள். பிறகு உங்கள் விருப்பம்.

அம்மாவைப் பற்றியும் யோசிக்க வேண்டும். வன்னியிலிருந்து வருபவர்களில் பலருக்குக் கடற்கரை என்றால் கடைசியாக மனதில் நிற்பது முள்ளிவாய்க்கால். அவர்கள் மறுப்புச் சொல்ல மாட்டார்கள். பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள் என்று வருவார்கள், வந்தபின் மணலில் கால் வைக்காமல் வானுக்குள்ளேயே இருப்பார்கள். நிலாவெளியின் அலைச் சத்தம் இரவில் அறைக்குள்ளும் கேட்கும். திருகோணமலை கடற்படைத் தளமுள்ள நகரம், சீருடைகளைத் தவிர்க்க முடியாது. இந்த ஒரு காரணத்துக்காகவே, அப்படி ஒருவர் கூட வந்தால், நான் பாசிக்குடாவைத்தான் சொல்வேன். அது குளம் போலக் கிடக்கும் கடல். எல்லோரும் இளையவர்கள், நீந்தத் தெரிந்தவர்கள் என்றால் நிலாவெளி.

இறந்தவர்களுக்குக் கடன் செய்ய விரும்புவோருக்கு இரு பக்கமும் வழியுண்டு. மட்டக்களப்பு அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் தீர்த்தம் ஆடி அமாவாசையன்று. சுற்றுலாப் பருவத்தின் நடுவிலேயே அது வரும். அந்த நாட்களில் வானும் அறையும் கிடைப்பது கடினம், முன்கூட்டியே ஒழுங்கு செய்யுங்கள். நிலாவெளியில் தங்கினால் கோணேஸ்வரமும், ஈமக்கிரியைகளுக்கு நம்மவர்கள் காலங்காலமாகப் போய்வரும் கன்னியா வெந்நீரூற்றும் கிட்டத்தில் உள்ளன.

வன்னியிலிருந்து வருவோருக்கு நிலாவெளியே பக்கம்: வவுனியா, ஹொரவப்பொத்தானை வழியாக வரலாம். பாசிக்குடாவுக்கு ஹபரணை, பொலன்னறுவை சுற்ற வேண்டும். கொழும்பிலிருந்து ரயிலில் வருவோருக்குக் கல்ஓயா சந்தி வரை ஒரே பாதை. அங்கே திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் பிரியும். பாசிக்குடாவுக்குக் கல்குடாவிலோ வாழைச்சேனையிலோ இறங்கலாம்.

அறை பதிவதை வெளிநாட்டிலிருந்து செய்ய வேண்டாம். தேசிய அடையாள அட்டை உள்ள உறவினர் ஒருவர் தொலைபேசியில் கேட்டால் பல விடுதிகளில் உள்ளூர் விலை கிடைக்கும், ஆனால் அது வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உள்ளவருக்கும் பொருந்துமா என்று அப்போதே கேட்டுத் தெளியுங்கள். அம்மாவுக்குக் கடலைப் பார்த்த அறை எடுக்க வேண்டியதில்லை. தோட்டத்துப் பக்கம் கேளுங்கள். பெரும்பாலும் அது விலையும் குறைவு.