அரிப்பை அடக்குவது மாத்திரை. காரணத்தைக் காட்டுவது சாப்பாட்டுத் தட்டு

நள்ளிரவில் கட்டிலுக்கு அடியில் ‘சரக் சரக்’ என்று சொறியும் சத்தம். காலையில் பார்த்தால், நக்கி நக்கியே பாதங்கள் சிவந்திருக்கும். காதிலிருந்து வாடை வீசும். வீவக வீடோ தரைவீடோ, நாய் வளர்க்கும் பல குடும்பங்களுக்கு இது பழகிய காட்சி.

விலங்கு மருத்துவர் அழற்சியைக் குறைக்கும் மாத்திரை கொடுப்பார். பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீராய்டு அவற்றுள் ஒன்று. சில நாள்களில் அரிப்பு அடங்கும். நாயும் நிம்மதியாக உறங்கும். மாத்திரை தீர்ந்த பிறகு பழைய கதை தொடங்கினால், மருந்தைக் குறை சொல்ல முடியாது. அரிப்பைத் தணிப்பதுதான் அதன் வேலை. உணவு ஒவ்வாமை இருந்தால், அந்த உணவு தட்டில் விழும்வரை அரிப்பும் திரும்பத் திரும்ப வரும்.

எந்த உணவு? 2016ல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பில், உணவு ஒவ்வாமை உள்ள 297 நாய்களில் 34 விழுக்காட்டுக்கு மாட்டிறைச்சி ஒத்துக்கொள்ளவில்லை. பால் பொருள்கள் 17, கோழி 15, கோதுமை 13 விழுக்காடு. பல ஆண்டுகள் சாப்பிட்ட உணவும் ஒருநாள் ஒவ்வாமல் போகலாம்.

இதை ரத்தப் பரிசோதனையால் உறுதியாகச் சொல்ல முடியாது. தெள்ளுப்பூச்சி, தோல் கிருமித்தொற்று போன்றவை காரணமா என்று மருத்துவர் முதலில் பார்ப்பார். பிறகு, நாய் இதுவரை சாப்பிடாத இறைச்சியையோ, புரதத்தை நுண்ணியதாக உடைத்துச் செய்த சிறப்பு உணவையோ மட்டும் சுமார் 8 வாரங்களுக்குக் கொடுக்கச் சொல்வார். தொடக்கத்தில் மாத்திரையும் சேர்ந்து தொடரலாம். பின்னர் அதை நிறுத்தியும் அரிப்பு வராவிட்டால், பழைய உணவை மீண்டும் கொடுத்துப் பார்ப்பார்கள். பெரும்பாலும் இரண்டு வாரங்களுக்குள் விடை தெரிந்துவிடும்.

சோதனை தோற்பது பெரும்பாலும் வீட்டில்தான். தாத்தா தேநீரில் நனைத்துத் தரும் பிஸ்கட், பாட்டியின் ஒரு பிடி தயிர்ச்சோறு, மேசைக்கு அடியில் பிள்ளை நீட்டும் கோழித்துண்டு, இறைச்சிச் சுவை சேர்த்த பூச்சி மாத்திரை... எதுவாக இருந்தாலும் வாரக்கணக்கான முயற்சி வீணாகலாம். ஸ்டீராய்டு பசியையும் தூண்டும். அதனால் நாய் வழக்கத்தைவிட அதிகமாகக் கெஞ்சும். அப்போதுதான் மனத்தைக் கல்லாக்கிக்கொள்ள வேண்டும்.

தாகமும் சிறுநீரும் அதிகரிப்பது ஸ்டீராய்டின் பக்கவிளைவுகள். மாத்திரையைத் திடீரென நிறுத்தாதீர்கள். மருத்துவர் சொல்கிறபடி படிப்படியாகக் குறையுங்கள். நாம் சாப்பிடும் ஐபுபுரோஃபென், பராசிட்டமோல் மாத்திரைகளை நீங்களாகக் கொடுக்கவே கூடாது. அவை நாயின் உயிருக்கே ஆபத்தாகலாம்.

இன்றே ஒரு தாளில் ‘இதைத் தவிர வேறெதுவும் வேண்டாம்’ என்று எழுதி, கொடுக்கவேண்டிய உணவின் பெயரையும் குறித்து, குளிர்பதனப் பெட்டியில் ஒட்டிவிடுங்கள். வாரயிறுதியில் வரும் விருந்தினரும் அதைப் படிக்கட்டும்.