கன்று வீச்சு நோய்: தொழுவத்திலேயே தடுப்போம்

ஏழு மாதச் சினை மாடு திடீரென்று கன்று வீசிவிட்டால், கண் பட்டுவிட்டது என்றோ, வேறு மாடு முட்டிவிட்டது என்றோ சொல்லி மனதைத் தேற்றிக்கொள்கிறோம். அது புரூசெல்லா என்னும் பாக்டீரியாவின் வேலையாகவும் இருக்கலாம். அப்படியானால் ஆபத்து மாட்டோடு நிற்காது. அதை வளர்ப்பவருக்கும் வரும்.

எப்படித் தொற்றுகிறது?

வீசிய கன்று, நஞ்சுக்கொடி, பனிக்குட நீர் ஆகியவற்றில் கிருமிகள் ஏராளம். வெறுங்கையால் கொடியை இழுத்து எடுக்கும்போது, கையிலுள்ள சிறு கீறல் வழியாகவே அவை உடலுக்குள் போய்விடும். நம் ஊர்களில் கொடியைச் சாக்கில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிடுவது வழக்கம். கன்று வீசிய மாட்டின் கொடியை அப்படிச் செய்யக் கூடாது. சாக்கிலிருந்து நீர் சொட்டும். கீழே விழுந்தால் நாய் இழுத்துப்போகும். கையுறை போட்டு எடுத்து, ஆழமாகக் குழி தோண்டி, சுண்ணாம்பு தூவிப் புதைப்பதே சரி.

காய்ச்சாத பாலும் இன்னொரு வழி. 1887இல் மால்டா தீவில், காய்ச்சலால் இறந்த படைவீரர்களின் உடலில் டேவிட் புரூஸ் இந்தக் கிருமியைக் கண்டறிந்தார். அது ஆட்டுப்பால் வழியே வருகிறது என்பது 1905இல் தெரியவந்தது. வீரர்கள் அந்தப் பாலை நிறுத்தியதும் காய்ச்சல் வெகுவாகக் குறைந்தது.

மனிதரிடம் அறிகுறிகள்

விட்டுவிட்டு வரும் காய்ச்சல், இரவில் வியர்வை, மூட்டுவலி, இடுப்புவலி, தீராத அசதி. ஆண்களுக்கு விரை வீக்கமும் வரலாம். டைபாய்டு, மலேரியா என்று தவறாக நினைக்க வாய்ப்பு அதிகம். ஆகவே மருத்துவரிடம், "வீட்டில் மாடு இருக்கிறது, அண்மையில் கன்று வீசியது" என்று நீங்களே சொல்லுங்கள். இரத்தப் பரிசோதனையில் உறுதியானால், பொதுவாக இரண்டு மருந்துகளைச் சேர்த்து ஆறு வாரமாவது எடுக்க வேண்டும். இடையில் நிறுத்தினால் நோய் திரும்பும்.

விற்பது தீர்வல்ல

வசதியான நாடுகள் நோயுற்ற மாடுகளைக் கண்டறிந்து கொன்று, உரியவருக்கு இழப்பீடு கொடுத்தே நோயை ஒழித்தன. ஒன்றிரண்டு மாடுகளை நம்பிக் குடும்பம் நடத்தும் நம் நாட்டில் அது நடக்கிற காரியமில்லை. அதனால், கன்று வீசிய மாட்டைச் சத்தமில்லாமல் சந்தைக்கு ஓட்டிவிடுகிறார்கள். நோய் அடுத்த ஊர்த் தொழுவத்துக்குப் போய்ச் சேருகிறது.

ஒரே ஒரு ஊசி

நமக்கு ஏற்ற வழி தடுப்பூசிதான். 2019இல் தொடங்கிய தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தில், 4 முதல் 8 மாத வயதுள்ள கிடேரிக் கன்றுகளுக்கு இது இலவசம். வாழ்நாளில் ஒருமுறை போட்டால் போதும். உயிருள்ள கிருமியால் ஆன ஊசி என்பதால் சினை மாட்டுக்கும் காளைக் கன்றுக்கும் போடுவதில்லை.

மனிதருக்கு இந்நோய்க்கான தடுப்பூசி புழக்கத்தில் இல்லை. கிடேரிக்குப் போடும் ஊசிதான் நம் வீட்டுக்கும் காப்பு. கன்றுக்கு நான்கு மாதம் ஆனதும் கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். மாடு கன்று வீசினால் தனியே கட்டி, உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள். பரிசோதனை முடிவு தெரியும்வரை அதை விற்காதீர்கள். பாலைப் பொங்கக் காய்ச்சாமல் யாருக்கும் கொடுக்காதீர்கள்.