மேட்டு நிலத்துக்கு ஏற்ற வண்டி எது?

தருமபுரி மாவட்டத்தில் வண்டி வாங்க முற்படும் சிறு விவசாயிகள் முதலில் விசாரிப்பது குதிரைத் திறனைத்தான். பென்னாகரம், பாலக்கோடு, அரூர் வட்டங்களின் மேட்டு நிலங்களுக்கு அது முதல் கேள்வியன்று. நிலத்துக்குப் போகும் பாதை எவ்வளவு அகலம், எவ்வளவு சரிவு, அதில் பாரத்துடன் இறங்க முடியுமா என்பதையே முதலில் பார்க்கவேண்டும். பாரத்துடன் மேடு ஏறிவிடும் வண்டிகள் பல உண்டு. இறங்கும்போதுதான் உயிருக்கு ஆபத்து நேர்கிறது. பாதையே இல்லாத இடமானால் பேச்சே இல்லை. பென்னாகரத்தை அடுத்த கோட்டூர் மலைக்கு 2021 சட்டமன்றத் தேர்தலின்போதுகூட வாக்குப்பதிவு இயந்திரங்கள் கழுதைகள் மீதுதான் சென்றன.

சரிவை வீட்டிலேயே அளக்கலாம். ஐந்தடி நீளமுள்ள நேரான கம்பின் ஒரு முனையைப் பாதையில் ஊன்றி, கொத்தனாரின் ரசமட்டத்தை வைத்துக் கம்பைச் சமமாகப் பிடிக்கவேண்டும். மறு முனைக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி ஓர் அடி இருந்தால் சரிவு ஐந்துக்கு ஒன்று. அத்தகைய பாதையில் 1,000 கிலோ எடையுள்ள டிரெய்லர், ஏறும்போது சுமார் 200 கிலோ விசையுடன் வண்டியைப் பின்னுக்கு இழுக்கும். இறங்கும்போது அதே 200 கிலோ பின்னாலிருந்து தள்ளும்.

பவர் டில்லர்

உழவும் ஆகவேண்டும், உட்கார்ந்து பாரமும் ஏற்றிச் செல்லவேண்டும் என்போர் பெரும்பாலும் டிரெய்லர் பூட்டிய பவர் டில்லரை நாடுகிறார்கள். சமதளத்துக்கு இது நல்ல கருவி. மோட்டார் வாகன விதிகளின்படி டிரெய்லருடன் இழுக்கக்கூடிய பாரம் 1.5 டன்னுக்கும், வேகம் மணிக்கு 22 கிலோமீட்டருக்கும் மிகக்கூடாது.

சரிவில் இதன் குணம் மாறுவதைப் பலர் அறிவதில்லை. இடப்பக்கம் திரும்ப இடக்கைப் பிடியிலுள்ள கிளட்சை அழுத்துகிறோம். இடச் சக்கரத்துக்கு விசை நின்றுவிடும். வலச் சக்கரம் தள்ளுவதால் வண்டி இடப்பக்கம் திரும்பும். இது சமதளத்திலும் ஏற்றத்திலும் நடப்பது. இறக்கத்தில் என்ஜின் வண்டியை இழுப்பதில்லை, பிடித்து நிறுத்துகிறது. அப்போது இடக் கிளட்சை அழுத்தினால் இடச் சக்கரம் பிடிப்பு விட்டு வேகமாக உருளும். வலச் சக்கரம் மட்டும் பிடிபட்டு நிற்கும். வண்டி வலப்பக்கம், அதாவது நினைத்ததற்கு நேர் எதிராகத் திரும்பும். ஒரு பக்கம் பள்ளமுள்ள மலைப்பாதையில் இதன் விளைவு என்னவென்று சொல்லத் தேவையில்லை.

எனவே இறக்கம் தொடங்குமுன்பே நிறுத்தி, முதல் கியருக்கு மாற்றி, வேகக் கைப்பிடியைத் தணித்துக்கொள்ள வேண்டும். பாதி வழியில் கியர் மாற்றுவதோ முதன்மைக் கிளட்சை விடுவிப்பதோ கூடாது. பக்கக் கிளட்சுகளைத் தொடாமல் கைப்பிடியாலேயே திருப்ப வேண்டும். டிரெய்லரின் கால் பிரேக் சரியாக இல்லாவிடில் பாரம் ஏற்றவே கூடாது.

சிறிய டிராக்டர்

15 முதல் 20 குதிரைத் திறனுள்ள சிறிய டிராக்டர் மாந்தோப்பிலும் மரவள்ளி வரிசைகளிலும் எளிதில் நுழையும். ஆனால் குறுகிய வண்டி குறுக்குச் சரிவில் விரைவில் சாயும். சக்கரங்களின் இடைவெளியைக் கூட்ட வசதியுள்ளதையும், ஓட்டுபவருக்கு மேலே பாதுகாப்புச் சட்டம் பொருத்தியதையும் தேர்ந்தெடுப்பது நல்லது. பாரத்தை இழுக்கும் சங்கிலியை அதற்கென உள்ள தாழ்வான கொக்கியிலன்றி உயரமான இடத்தில் மாட்டினால் முன்சக்கரம் தூக்கி, வண்டி பின்புறமாகக் கவிழும்.

படங்களில் காணும் பருத்த டயர் நான்கு சக்கர வண்டியைப் பற்றியும் சில இளைஞர்கள் விசாரிக்கிறார்கள். இவ்வகை வண்டி முதலில் மூன்று சக்கரங்களுடன் 1970-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. கவிழ்ந்து பலர் மடிந்ததால் 1988-ல் புதிய மூன்று சக்கர வண்டிகளின் விற்பனை அங்கு நிறுத்தப்பட்டது. நான்கு சக்கர வண்டியும் கவிழாததன்று. ஆஸ்திரேலியாவில் 2021 அக்டோபர் முதல் புதிய வண்டிகளுக்குக் கவிழ்வுப் பாதுகாப்புச் சட்டம் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. நம் நாட்டில் இவற்றில் பெரும்பாலானவற்றைச் சாலையில் ஓட்டப் பதிவு செய்ய இயலாது. விலையும் சிறு விவசாயிக்குக் கட்டுப்படியாகாது.

மொபெட்டும் வாடகையும்

மூன்று ஏக்கர் மானாவாரி நிலத்தில் ஆண்டுக்கு இரண்டு, மூன்று உழவு என்றால் சொந்த இயந்திரத்துக்குப் பத்து நாள் வேலை கிடைப்பதே அரிது. மீதி நாட்களில் அது கொட்டகையில் நிற்க, கடன் தவணை மட்டும் ஓடும். இவ்வளவு நிலம் உள்ளோர் உழவுக்கு வாடகை இயந்திரமும் அன்றாடப் போக்குவரத்துக்கு மொபெட்டும் வைத்துக்கொள்வதே சிக்கனம். வேளாண்மைப் பொறியியல் துறை இயந்திரங்களை வாடகைக்குத் தருகிறது. வாங்குவதானால் மானியத்துக்கும் அத்துறையையே அணுகலாம்.

மொபெட் இம்மாவட்டத்துக்குப் புதிதன்று. டி.வி.எஸ். 50 வண்டி 1980-ல் ஓசூரில் பிறந்தபோது ஓசூரும் தருமபுரி மாவட்டத்தில்தான் இருந்தது. இன்றைய எக்ஸ்.எல். 100 தாங்கும் பாரம் ஓட்டுபவரையும் சேர்த்து 130 கிலோ. 60 கிலோ எடையுள்ளவர் 25 கிலோ தக்காளிப் பெட்டி இரண்டுடன் நிறுத்திக்கொள்ள வேண்டும். நான்கு பெட்டி கட்டி மேடேறினால் முன்சக்கரம் தரையில் பாவாது, திருப்ப முடியாது.

எந்த டிரெய்லராயினும் ஆட்களை ஏற்றக்கூடாது. அது சட்டப்படி தவறு; விபத்து நேர்ந்தால் காப்பீட்டுத் தொகை கிடைப்பதும் கடினம்.

முன்பணம் கொடுக்குமுன் விற்பனையாளரிடம் செயல்விளக்கம் கேட்டுப் பெறலாம். கடையின் முன்னுள்ள தார்ச்சாலையில் ஓட்டிக் காட்டுவது போதாது. சொந்த நிலத்துப் பாதையில் முதலில் வெறும் வண்டியாகவும், பிறகு கால் பாரத்துடனும், அனுபவமுள்ள ஓட்டுநரைக் கொண்டு இறக்கத்தில் நிறுத்திக் காட்டச் சொல்ல வேண்டும்.