எஞ்சின் தாங்கிகள்: தேய்வறிதலும் மாற்றுதலும்

இம்மலருக்கெனத் தமிழாசிரியன் ஒருவனிடம் கட்டுரை கேட்ட அன்பர்கள் சங்கச் செய்யுளைப் பற்றியோ சமய நெறியைப் பற்றியோ ஏதேனும் எதிர்பார்த்திருப்பர். அவர்கள் பொறுத்தருள்க. சென்ற விடுமுறையில், என்னிடம் முன்னர்த் தமிழ் பயின்று இப்பொழுது மோட்டார் திருத்துந் தொழில் புரியும் பழைய மாணவர் ஒருவரின் பட்டறையிற் சில நாள்களைக் கழிக்க நேர்ந்தது. அங்கே கண்டதும் கேட்டதும், பின்னர் நூல்களிற் படித்துத் தெளிந்ததுமே இக்கட்டுரையாயின.

பட்டறையில் இருவர் மட்டும் அமரத்தக்க மஸ்டா ஸ்போட்ஸ் கார் ஒன்று நின்றது. நிற்கும்போது உடல் நடுங்குவதும், புறப்படும்போது கீழே ‘டொக்’ என ஓசை எழுவதும் அதன் நோய். உடைமையாளர் வேறோரிடத்தில் முதலிற் பிளக்குகளையும் அடுத்துக் கிளச்சையும் மாற்றுவித்துப் பெரும்பணம் செலவிட்டிருந்தார், நோய் தீரவில்லை. என் மாணவர் என்னை அருகில் அமர்த்தி, வண்டியை மெல்லச் செலுத்தி, “சேர், கியர்த் தடியை மட்டும் பாருங்கோ” என்றார். வேகமிதியை அழுத்துந்தோறும் தடி ஒருபக்கமாகச் சாய்ந்தது. காலை எடுத்ததும் நிமிர்ந்தது. “மவுண்டிங் போட்டுது சேர்” என்று அவர் முடிவு கூறிவிட்டார்.

மவுண்டிங் என்பதனை யான் இங்கே தாங்கி என வழங்குவேன். எஞ்சினுக்கும் வண்டியின் சட்டகத்துக்கும் இடையில் வைக்கப்படும், இரு உலோகத் தகடுகளுக்கு நடுவே இறப்பர் ஒட்டப்பெற்ற உறுப்பு அது. அதற்கு இரண்டு தொழில்கள் உண்டு. எஞ்சினை அசையவிடாது பிடித்திருத்தல் ஒன்று. அதன் அதிர்வு உடலுக்குச் செல்லாது தடுத்தல் மற்றொன்று. முன்னதற்கு வன்மை வேண்டும். பின்னதற்கு மென்மை வேண்டும். இம்முரண்பாடே தாங்கியின் வரலாறு முழுவதும் ஊடாடி நிற்பது.

நான்கு சிலிண்டர் எஞ்சினில் ஒரு சுழற்சிக்கு இரண்டு வெடிப்புகள் நிகழும். நிமிடத்துக்கு 800 சுழற்சியாக வெறுமனே ஓடும்போது, வினாடிக்கு ஏறக்குறைய 27 உதைகள் தாங்கியின் மீது விழுகின்றன. பழைய வண்டிகளில் எஞ்சினைச் சட்டகத்துடன் இறுகப் பூட்டியிருந்தமையால் அவ்வுதைகள் அனைத்தும் பயணியின் எலும்புக்கே சென்றன. 1931ஆம் ஆண்டிற் கிறைஸ்லர் நிறுவனம் தன் பிளிமத் வண்டியில், எஞ்சினின் எடைமையத்தினூடு செல்லும் அச்சைச் சார்ந்து அஃது ஊசலாடுமாறு இறப்பர்த் தாங்கிகளை அமைத்தது. ‘மிதக்கும் வலு’ எனப் பொருள்படும் பெயரை அதற்கு இட்டனர். அவ்வுரிமையைப் பெற்ற பிரான்சியச் சிற்றோவன் நிறுவனத்தார் நீரில் மிதக்கும் அன்னத்தை அதன் சின்னமாகப் பொறித்தனர். நம் களுத்துறை, கேகாலைப் பகுதிகளிற் பால் வெட்டப்படும் அதே மரத்தின் இறப்பரே இன்றும் பெரும்பாலான தாங்கிகளுக்கு ஏற்றதாகக் கொள்ளப்படுகின்றது. ஆனால் எண்ணெய் அதற்குப் பகை. வெப்பமும் முதுமையும் அவ்வாறே.

தாங்கி பழுதுபட்டால் நடுக்கந்தானே, பொறுத்துக்கொள்ளலாம் என எண்ணுவாருளர். அது தவறு. எஞ்சின் சில்லுகளை ஒரு திசையில் முறுக்கும்போது, தான் அதற்கு எதிர்த்திசையிற் புரள முயல்கின்றது. நெடுக்கே வைக்கப்பட்ட எஞ்சின்களுள் மிகப் பெரும்பான்மையானவற்றில், முன்னோக்கிச் செல்கையில் இடப்பக்கம் மேலெழும்; வலப்பக்கம் கீழே அழுந்தும். ஆகவே இடப்பக்கத் தாங்கியின் இறப்பர் இழுபடுகின்றது. இழுவை, அழுத்தத்தினும் இறப்பருக்குக் கொடிது.

1971ஆம் ஆண்டு திசம்பரில் அமெரிக்க ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனம், 1965 முதல் 1969 வரையிற் செய்த சுமார் 67 இலட்சம் செவ்ரொலே வண்டிகளைத் திரும்ப அழைக்க நேர்ந்தமை இதனாலேயே. கமாரோ என்னும் விரைவு வண்டியும் அவற்றுள் அடங்கும். இறப்பர் தகட்டிலிருந்து பிரிந்ததும் எஞ்சின் இடப்பக்கமாக எழும்பியது. எழும்பியபோது வேகமிதியோடு இணைந்த கோல்களை இழுத்தது. எரிபொருள் மிகுந்து எஞ்சின் மேலும் சீறியது. சீறியமையால் இன்னும் எழும்பியது. பிறேக்குக்குத் துணைபுரியும் வெற்றிடக் குழாயும் சிலவேளைகளிற் கழன்றது. ஓட்டுநர் காலை எடுத்தும் வண்டி பாய்ந்தோடியது. அதற்குச் செய்த பரிகாரமோ எளிது: எஞ்சின் அளவுக்குமேல் எழாதவாறு உருக்குக் கம்பிவடம் ஒன்றாற் கட்டினர். இறப்பர் அறுந்தாலும் உலோகப் பகுதிகள் ஒன்றையொன்று கௌவி நிற்கும் தாங்கிகளும் வந்தன.

இனி நம் மஸ்டாவுக்கு வருவோம். 1989இல் வெளிவந்த எம்.எக்ஸ்.-5 என்னும் இவ்வண்டியில் எஞ்சினுக்கு இருபுறமும் இரண்டு தாங்கிகளே உள. கியர்ப் பெட்டிக்கெனத் தனித் தாங்கி கிடையாது. நீண்ட அலுமினியச் சட்டம் ஒன்று அதனைப் பின்னுள்ள டிபரன்ஷலுடன் பிணைக்கின்றது. கியர்த் தடி பெட்டியின் மேலேயே நேராகப் பொருந்தியுள்ளமையால், எஞ்சின் புரள்வதைத் தடி ஒளிக்காது காட்டிவிடும்.

எனினும் தடியை மட்டும் நம்புதல் கூடாது. பிளக்குப் பழுதால் எழும் நடுக்கம் சீரற்றது. எஞ்சினின் ஓசையே தடுமாறும். தாங்கிப் பழுதில் ஓசை சீராயிருக்க, ஸ்ரியறிங்கும் இருக்கையும் நடுங்கும். ‘டொக்’ ஓசை டிபரன்ஷல் தாங்கியிலிருந்தோ சுழல்தண்டின் மூட்டிலிருந்தோ எழுதலுங் கூடும். ஆதலின் கண்ணாற் காண்பதே முறை. ஒருவர் கைப்பிறேக்கை இழுத்து, காற்பிறேக்கையும் அழுத்தி, முதலாங் கியரிற் கிளச் பற்றத்தொடங்கும் வரை மெல்ல விடுக. பின்னர், பின்செல்லும் கியரிலும் அவ்வாறே செய்க. மற்றவர் பக்கத்தில் நின்று நோக்குக. வண்டியின் முன்னே எக்காரணங்கொண்டும் நிற்றலாகாது. சிறிது அசைவு இயல்பே. எஞ்சின் ஓரங்குலமளவு எழுந்து ஓசையுடன் விழுமாயின் ஐயமில்லை. பின்னர் எஞ்சினை நிறுத்தி, ஜக்கினாற் சற்றே உயர்த்திப் பார்க்க இறப்பருக்கும் தகட்டுக்கும் இடையே பிளவு தெரியும். மேற்பரப்பிலுள்ள மயிரிழை வெடிப்புகள் முதுமையின் சுருக்கங்களே, அவற்றுக்காக மாற்றவேண்டுவதில்லை. நாம் பார்த்த வண்டியில் எண்ணெய் கசிந்து இறப்பர் களியாகியிருந்தது. முதலிற் கசிவை அடைத்தார் மாணவர். அதனைச் செய்யாது புதுத்தாங்கி இடுதல் ஓட்டைக் கூரையின்கீழ் வெள்ளையடிப்பது போலாம்.

மாற்றும் வேலை பெரிதன்று. ஆயின் அவசரம் ஆகாது. எஞ்சின் ஆறியபின் பற்றரியின் எதிர்முனையைக் கழற்றி, பின்சில்லுகளுக்கு ஆப்பு வைத்து, வண்டியை உறுதியான இரும்புத் தாங்குகால்களில் நிறுத்துக. எண்ணெய்த் தொட்டியின் கீழ் அகன்ற பலகையை இட்டே ஜக்கை வைத்தல் வேண்டும். வெறும் ஜக்கு தொட்டியை நெளித்துவிடும். எஞ்சின் ஜக்கில் நிற்கும்போது அதனடியிற் கையையோ தலையையோ நுழைக்கலாகாது. இரு பக்கச் சுரைகளையும் தளர்த்தி, தாங்கி வெளிவருமளவுக்கு மட்டும் உயர்த்துக. உயர்த்தும்போது நீர்க்குழாய்கள், மின்கம்பிகள், வேகமிதிக் கம்பி, புகைக்குழாய் மூட்டு என்பன இழுபடுகின்றனவா என நோக்குக. ஒருபக்கத்தை முடித்தபின்னரே மறுபக்கத்தைக் கழற்றினால் எஞ்சின் இடம்பெயராது. ஒன்றே பழுதெனினும் இரண்டையும் மாற்றுதலே நன்று. பழையதும் புதியதும் சமமாகச் சுமவா.

திருகாணிகள் யாவற்றையும் முதலிற் கையாலேயே பூட்டி, ஜக்கை இறக்கி, எஞ்சினின் முழு எடையும் தாங்கிகளில் அமர்ந்தபின் இருமுறை அசைத்துவிட்டு, கைந்நூலிற் குறித்த முறுக்களவுக்கு இறுக்குக. அமருமுன் இறுக்கினால் இறப்பர் முறுகியபடியே பூட்டுண்டு விரைவிற் கிழியும். முன்பு வேறோரிடத்தில் இத்தவறு நேர்ந்த வண்டி ஒன்றையும் மாணவர் காட்டினார்.

பந்தயத்துக்கெனச் செய்யப்படும் வன்மையான தாங்கிகளும் உள. இளைஞர் அவற்றை விரும்புவர். எஞ்சின் அசையாது, கியர் துல்லியமாக விழும், ஆயினும் நடுக்கம் முழுவதும் இருக்கைக்கு வந்துவிடும். அன்றாடம் ஓட்டுவோருக்கு இயல்பான தாங்கியே போதும் என்பது என் கருத்து. என் மாணவர் இதற்கு உடன்படவில்லை. மலிவென்று கடையில் நெடுங்காலம் கிடந்த சரக்கை வாங்குதல் மட்டும் ஆகாது என்பதில் இருவேமும் ஒத்தோம். இறப்பர் பெட்டிக்குள்ளிருந்தும் மூப்படையும்.

அன்று மாலை வண்டியை மீண்டும் ஓட்டிப் பார்த்தோம். தடி அசையவில்லை. நூறு மைல் ஓடியபின் சுரைகளை மறுபடியும் பார்க்க வருமாறு உடைமையாளருக்குச் சொல்லியனுப்பினார் மாணவர்.