ஆறு வயதில் முளைக்கும் பல்

பிள்ளையின் முன்பல் ஆடத் தொடங்கினால் வீட்டில் எல்லோரும் கவனிப்பார்கள். அதே காலத்தில் வாயின் உட்புறத்தில் முளைக்கும் பல்லை எத்தனை தாய்மார் காண்கிறார்கள்?

பாற்பற்கள் மொத்தம் 20. மேலும் கீழும், ஒவ்வொரு பக்கத்திலும் ஐந்து. மூன்று வயதளவில் இவை அனைத்தும் முளைத்துவிடும். ஏறக்குறைய ஆறு வயதில், ஐந்தாவது பல்லுக்குப் பின்னால் ஒரு கடைவாய்ப்பல் முரசிலிருந்து வெளிவரும். இதற்காக எந்தப் பாற்பல்லும் விழுவதில்லை. அதனால் பலர் இதையும் பாற்பல் என்றே எண்ணி, சூத்தை பிடித்தாலும் "விழுந்து முளைக்கும்தானே" என்று விட்டுவிடுகின்றனர்.

உண்மையில் இந்த நான்கும் நிரந்தரப் பற்கள். இழந்தால் மீண்டும் முளைக்காது. இவற்றின் மெல்லும் பரப்பிலுள்ள பள்ளங்களில் இனிப்பும் பிஸ்கட் துகள்களும் தங்கும். அவற்றிலிருந்து கிருமிகள் உண்டாக்கும் அமிலம், பல்லின் வெண்ணிற மேலுறையான மிளிரியை அரிக்கும். மிளிரி உடலிலேயே மிகக் கடினமானது. ஆனால் அதில் உயிருள்ள கலங்கள் இல்லை. எனவே விழுந்த குழி தானாக மூடாது. உறக்கத்தில் உமிழ்நீர் குறைவதால் இரவில் ஆபத்து அதிகம்.

தாய்மார்களே, பிள்ளையை வெளிச்சத்தில் இருத்தி, முன் நடுவிலிருந்து எண்ணிப் பாருங்கள். விழுந்த பல்லின் இடைவெளியையும் சேர்த்து எண்ணுங்கள். ஆறாவது பல் தெரிந்தால், படுக்குமுன் புளோரைட் பற்பசையிட்டு நீங்களே துலக்கி விடுங்கள். கரும்புள்ளி கண்டால் வலி வரும்வரை காத்திராமல் பல் வைத்தியரிடம் காட்டுங்கள்.