காதலர் தின விளக்குகளும் பூக்களின் இரவும்

டோக்கியோவுக்கு வடக்கே டோச்சிகி மாகாணத்தில் இருக்கிறது அஷிகாகா மலர்ப் பூங்கா. அக்டோபரில் இங்கே ஏற்றப்படும் அலங்கார விளக்குகள் பிப்ரவரி நடுப்பகுதி வரை எரிகின்றன. காதலர் தினம் இந்தப் பருவத்தின் கடைசி நாட்களில் வருகிறது. ஜப்பானில் பெண்கள் ஆண்களுக்குச் சாக்லேட் கொடுக்கும் அந்த நாளையொட்டி, 50 லட்சத்துக்கும் மேற்பட்ட எல்.இ.டி. விளக்குகளுக்கு நடுவே ஜோடிகள் கைகோத்து நடக்கின்றனர்.

பூங்காவின் பெருமை அதன் விஸ்டீரியா கொடி. 1996-ல் சுமார் 20 கி.மீ. தொலைவிலிருந்து பெயர்த்துவந்து நடப்பட்ட இந்த முதிய கொடி, இன்று 1,000 சதுர மீட்டர் பந்தலை நிறைத்து நிற்கிறது. வசந்தத்தில் ஊதாப் பூங்கொத்துகள் தொங்கும் அதே பந்தலில், குளிர்காலத்தில் ஊதா விளக்குச் சரங்கள் தொங்குகின்றன. சரத்தை விட்டுக் கிளையை உற்றுப் பார்த்தால் ஓர் இலைகூட இருக்காது. பழுப்புச் செதில் மூடிய மொட்டுகள் மட்டும் கணுக்களில் ஒட்டியிருக்கும். அடுத்த வசந்தத்தின் பூக்கள் அவற்றுக்குள்தான் உறங்குகின்றன.

பூங்காவின் பெயரிலேயே 2018-ல் ரயில் நிலையம் திறக்கப்பட்டதால் போய்வருவது எளிது. பிப்ரவரியில் மாலை ஐந்தேகால் மணி அளவில் பொழுது சாய்ந்துவிடும். அதற்கு ஒரு மணி நேரம் முன்பே போனால், பனி படாமல் வைக்கோல் கூரைக்கடியில் பூத்திருக்கும் பியோனி மலர்களைப் பகல் வெளிச்சத்தில் பார்க்கலாம். இருட்டியதும் குளிர் கடுமையாகும். கையுறை கட்டாயம் வேண்டும்.

ஜப்பானின் குளிர்கால விளக்கு விழாக்களுக்கு முன்னோடியான சப்போரோ விழா 1981-ல் வெறும் 1,048 பல்புகளோடு தொடங்கியது. ஆயிரங்களை லட்சங்களாக்கியது எல்.இ.டி. அதில் நீல நிறத்தைச் சாத்தியமாக்கிய ஜப்பானில் பிறந்த மூன்று விஞ்ஞானிகள் 2014-ல் நோபல் பரிசு பெற்றனர். மின்செலவு குறைந்தது. ஆனால், செலவு குறைந்தால் விளக்கை அணைக்கும் பழக்கமும் குறையும். கவலை இங்கேதான் தொடங்குகிறது.

பல தாவரங்கள் பருவத்தை அறிவது இரவின் நீளத்தைக் கொண்டு. ஐச்சி மாகாணத்தின் அட்சுமி தீபகற்பத்தில் சாமந்தி விவசாயிகள் இரவில் விளக்கெரித்தே பூப்பதைத் தள்ளிப்போடுகின்றனர். சாமந்திக்கு அது தொழில்நுட்பம். மற்ற செடிகளுக்கோ கேட்காமல் கொடுக்கப்படும் தொந்தரவு. தெருவிளக்கின் ஒளியில் மரங்கள் ஒரு வாரம் வரை முன்னதாகத் துளிர்ப்பதைப் பிரிட்டன் ஆய்வு காட்டியது. முந்திய துளிர் பின்பனியில் கருகக்கூடும். சுவிட்சர்லாந்துப் புல்வெளிகளில் விளக்கு வைத்துச் சோதித்தபோது, இரவில் பூக்களைத் தேடிவரும் பூச்சிகளின் வருகை 62 சதவீதம் குறைந்தது; 2017-ல் வெளியான முடிவு இது. பூச்சி வராவிட்டால் பல பூக்கள் காயாகாது.

பூ இல்லாத மாதங்களில் விளக்குகள்தாம் தோட்டத்துக்கு வருமானம் என்பது நிர்வாகிகளின் வாதம். அதிலும் நியாயம் உண்டு. கொடி உறங்கும் காலத்தையொட்டி விளக்கேற்றி, இரவு ஒன்பது மணியளவில் கதவைச் சாத்தி, துளிர்க்கும் முன்பே சரங்களை இறக்கிவிடும் அஷிகாகாவின் கால அட்டவணை ஓரளவு ஏற்கத்தக்கது. பூக்கள் மலர்ந்து பூச்சிகள் பறக்கும் வசந்தத்திலும், மே மாதம் வரையிலும் அலங்காரத்தை நீட்டிக்கும் தோட்டங்களின் போக்குதான் ஏற்கத்தக்கதல்ல.

ஒளித் தோட்டத்துக்குப் போகும் ஜோடிகள், விளக்குகள் எத்தனை லட்சம் என்பதோடு, அவை எத்தனை மணிக்கு அணையும், எந்த மாதத்தில் இறங்கும் என்றும் விசாரிக்க வேண்டும். நேரத்துக்கு அணைக்கும் தோட்டத்துக்கே நுழைவுச்சீட்டு வாங்குங்கள். செடிகளுக்கும் இரவு வேண்டும்.